படம் வரையும் பிள்ளைக்குச் சென்னையில் மார்க் எங்கே?

அன்புள்ள தங்கச்சி,

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மகனை வளசரவாக்கத்தில் ஆறாம் வகுப்பில் சேர்த்திருக்கிறீர்கள். சித்திரத்திலும் கைவேலையிலும் கெட்டிக்காரன், எழுதச் சொன்னால் மட்டும் பின்வாங்குகிறான், இங்கே அவன் திறமையைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பார்களா, மார்க் போடுவார்களா என்று கேட்டீர்கள். நானும் அங்கிருந்து வந்து, இங்கே ஆசிரியையாக வேலை பார்த்தவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆறாம், ஏழாம் வகுப்புகளில் அவனுக்கு இடம் இருக்கிறது. தமிழக அரசின் சமச்சீர்ப் பாடத்திட்டத்தில் 2012-13-இல், வருடத்தை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் 100-க்கு 60 தான் எழுத்துத் தேர்வு. மீதி 40 வளரறி மதிப்பீடு, அதாவது பருவம் நடக்கும்போதே வகுப்பில் பார்த்துப் போடும் மார்க். அதிலும் 20 சிறு தேர்வுகளுக்கு, 20 செயல்பாடுகளுக்கு. மாதிரி செய்வது, வரைவது, நடித்துக் காட்டுவது எல்லாம் இந்தச் செயல்பாட்டு மார்க்கில் வரும். ஆனால் பல இடங்களில் இதை வீட்டில் அம்மா வெட்டி ஒட்டிக் கொடுக்கும் சார்ட் வேலையாக்கிவிட்டார்கள். பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கும்? எனக்கு இது பெரிய வருத்தம்.

அதனால் வகுப்பு மிஸ்ஸை நேரில் போய்ப் பாருங்கள். "என் மகனைக் கொஞ்சம் கவனியுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால், நிறைந்த வகுப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? "அறிவியலில் செல் (உயிரணு) பாடத்துக்குக் களிமண்ணில் மாதிரி செய்து வந்து, வகுப்பில் வாயால் விளக்கட்டுமா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் அநேகமாகச் சரி என்பார்கள்.

சின்னவளை அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் போடப் போவதாக எழுதியிருந்தீர்கள். தயங்காமல் போடுங்கள். அங்கே 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒரே வகுப்புக்குள்ளேயே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவருக்கு ஏற்ற பயிற்சி கொடுக்கிறார்கள். பாட்டும் கைவேலையும் நிறைய.

இன்னொன்று. 'இவன் பார்த்துப் படிக்கிற பிள்ளை, அவள் கேட்டுப் படிக்கிற பிள்ளை' என்று முத்திரை குத்தும் பேச்சு இங்கேயும் உண்டு. அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகப் படிப்பார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. வரைந்து புரிந்துகொள்ளட்டும், அப்புறம் அந்தப் படத்துக்குக் கீழே நாலு வரி எழுதட்டும். எழுத்தை விட்டுவிட முடியாது.

ஏன் முடியாது என்றால், அங்கே இலங்கையில், பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ.எல். பரீட்சையில் சித்திரத்தையே ஒரு பாடமாக எடுத்து 'ஏ' தரம் வாங்கலாம். இங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐந்து பாடம், 500 மதிப்பெண், ஓவியம் அதில் இல்லை. அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உண்டு. அதைத் தவிர ஏறக்குறைய எல்லாம் மூன்று மணி நேர எழுத்துதான்.

வாயால் சரியாகச் சொல்கிறவன் எழுதும்போது எழுத்துகளை மாற்றிப் போடுகிறான், வாசிக்கவும் தடுமாறுகிறான் என்றால் அது வேறு விஷயம், டிஸ்லெக்ஸியா என்கிற கற்றல் குறைபாடாக இருக்கலாம். சோம்பல் என்று அடித்துவிடாதீர்கள். தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இருக்கிறது, விசாரியுங்கள். கற்றல் குறைபாட்டை 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித் தர ஒருவரும் கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே பாருங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், அவன் கை பத்தாம் வகுப்பிலும் உதவும். கணக்குத் தாளில் ஜியாமெட்ரிக்கு 8, கிராஃபுக்கு 8. சமூக அறிவியலில் மேப். அறிவியலில் படம் வரைந்து பாகம் குறிக்கிற கேள்விகள். நன்றாக எழுதுகிற பிள்ளைகள் பலர் தடுமாறுகிற இடங்கள் இவை. ஒரு காம்பஸ் பெட்டி வாங்கிக் கொடுத்து, இப்போதிருந்தே வரைய விடுங்கள்.