மலைப்பனியும் கோடைத் தண்ணீரும்

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோ ஆற்று மேற்படுகையில் 2021-இல் பனி ஓரளவு பெய்திருந்தது என்கிறார்கள். பிறகு ஏன் அந்த ஆற்றின் அணை நீர்த்தேக்கமான பவல் ஏரிக்குப் போதிய தண்ணீர் வரவில்லை?

பதில்: அந்த ஆண்டு மலைப்பனி வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஏரிக்கு வந்ததோ வழக்கமான வரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. முதலில் மண்ணைப் பாருங்கள். 2020 கோடையும் அதை அடுத்த இலையுதிர்காலமும் கடும் வறட்சி. காய்ந்து கிடந்த மண்ணின் மேலேயே பனி விழுந்து மூடியது. உருகத் தொடங்கியதும் தாகமெடுத்த மண் தன் பங்கைக் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் ஓடைக்கு விடும். அதோடு வசந்தமும் வறண்டு வெப்பமாக இருந்தது.

இந்தப் படுகைக்கு இன்னொரு தொல்லை, பாலைவனப் புழுதி. வெள்ளைப் பனி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். புழுதி படிந்து கறுத்த பனி அதை உறிஞ்சிக்கொண்டு சில வாரங்கள் முன்கூட்டியே உருகிவிடும். தரை சீக்கிரம் வெளிப்பட்டால் செடிகொடிகளும் அன்றிலிருந்தே நீரை இழுக்க ஆரம்பிக்கும். ஆகவே கோடை வரத்தைக் கணிக்க ஏப்ரல் பனியை மட்டும் பார்த்தால் போதாது; முந்தைய அக்டோபரில் மண் எவ்வளவு ஈரமாக இருந்தது என்பதும் வேண்டும்.

கேள்வி: பனியின் ஆழம் தெரிந்தால் தண்ணீரைக் கணக்கிட முடியுமா?

பதில்: ஆழம் மட்டும் போதாது, அடர்த்தி தெரியவேண்டும். புதுப்பனியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். வசந்தத்தில் அமுங்கிய பனியில் அது 30 முதல் 50 சதவீதம். 80 அங்குலப் பனி, அடர்த்தி 35 சதவீதம் என்றால், 28 அங்குலத் தண்ணீர்.

இதை அளக்கும் குழாயை உருவாக்கியவர் நெவாடா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் சர்ச். நீரியல் பேராசிரியர் அல்லர், லத்தீன் பேராசிரியர்! குழாயின் வாய் அகலத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? உள்ளே சிக்கிய பனி ஓர் அவுன்ஸ் எடை இருந்தால், அது ஓர் அங்குலத் தண்ணீர். பெருக்கல் வகுத்தலே வேண்டாம். குழாயைத் தரைவரை இறக்குங்கள். அடியில் மண் ஒட்டி வந்தால்தான் தரையைத் தொட்டதாக அர்த்தம். அந்த மண்ணைச் சுரண்டிவிட்டு, வெறுங்குழாயின் எடையையும் கழியுங்கள். உள்ளே இருக்கும் பனித்தண்டு வெளியே அளந்த ஆழத்தைவிட மிகக் குட்டையாக இருந்தால், நடுவில் ஏதோ பனிக்கட்டி அடைத்திருக்கிறது. அந்த அளவைத் தூக்கிப்போட்டுவிட்டு, பக்கத்தில் மறுபடி குத்துங்கள். ஒரே இடத்தை நம்பாமல், ஒரு கோட்டில் பல இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

கேள்வி: மலையில் பனியைத் தானாகவே அளக்கும் தானியங்கி நிலையங்கள் தவறுமா?

பதில்: தவறும். உறையாத திரவம் நிரப்பிய தட்டையான பையின் மேல் பனி அழுத்துவதைத்தான் அவை அளக்கின்றன. பனிக்குள் கெட்டியான ஓடு உருவானால் அது பாலம்போலச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். பை குறைவாகக் காட்டும்.

கேள்வி: மே கடைசியில் "பனி 200 சதவீதம்" என்று செய்தி வருகிறதே?

பதில்: அந்த நேரத்தில் வழக்கமாகவே 2 அங்குலம்தான் மிஞ்சும் என்றால், 4 அங்குலம் இருந்தாலே 200 சதவீதம்தான். சதவீதத்தை விடுங்கள், அங்குலத்தைக் கேளுங்கள்.