நீதி தாமதிக்கும்போது ஆண்டவரின் நேரத்தை நம்புவது எப்படி?

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் "பொறுமையாயிருங்கள்" என்பது, அநீதிக்கு ஆளானவர்களை வாய்மூடச் சொல்வதாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது என்பதே என் புரிதல். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுபவரைக் காட்டிப் பொறுமையைக் கற்பிக்கும் யாக்கோபு, புதிய ஏற்பாட்டிலுள்ள தம் திருமுகத்தில் அதற்குச் சற்று முன்னரே (5:4), அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது என்று செல்வர்களைக் கண்டிக்கிறார்; கத்தோலிக்கத் திருப்பலியில் திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறன்று (முதல் ஆண்டு) படிக்கப்படும் வாசகம் 7ஆம் வசனத்தில் தொடங்குவதால் இக்கண்டனம் பலர் காதில் விழுவதேயில்லை. மழையை வரவழைக்க இயலாத அந்த உழவர், உழுது விதைத்துவிட்டுத்தான் காத்திருக்கிறார். அதே ஞாயிறு நற்செய்தியில், சிறையிலிருக்கும் திருமுழுக்கு யோவான், வரவேண்டிய மெசியா நீர்தாமா என்று இயேசுவிடம் ஆளனுப்பிக் கேட்கிறார். இயேசு அந்த ஐயத்தைக் கடிந்துகொள்ளாமல், பார்வையற்றோர் பார்வை பெறுவதையும் ஏழைகள் நற்செய்தி கேட்பதையும் சுட்டிக்காட்டுகிறார். ஆயினும் யோவானின் சிறைக்கதவு திறக்கவில்லை.