அழகு சிகிச்சை அறையில் தொற்று வராமல் காப்பது எப்படி? கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவிலில் தொற்றுத் தடுப்புச் செவிலியராக நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். களியக்காவிளை முதல் கன்னியாகுமரி வரை தோல், முடி சிகிச்சை நிலையங்களும் அழகு நிலையங்களும் பெருகிவிட்டன. கல்யாணக் காலம் வந்தால் அவற்றில் நிற்க இடமிருக்காது. அங்கே போகிறவர்களும் வேலை செய்கிறவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களைத் தருகிறேன்.

மணப்பெண்ணின் தாய், மார்த்தாண்டம்: சிஸ்டர், மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பருத் தழும்புக்கு மைக்ரோநீட்லிங் செய்யலாம் என்கிறார்கள். ஏசி, கண்ணாடிக் கதவு, எல்லாம் நன்றாக இருக்கிறது. நம்பிப் போகலாமா?

அம்மா, கண்ணாடிக் கதவை விடுங்கள். முந்தைய ஆளின் ரத்தம் பட்ட பொருள் உங்கள் மகளின் தோலைத் துளைக்கிறதா என்பதுதான் கேள்வி. மைக்ரோநீட்லிங் என்பது நுண்ணிய ஊசிகளால் தோலைத் துளைத்துச் செய்யும் சிகிச்சை. அதற்கான பேனா போன்ற கருவியின் நுனியில் விரல்நுனி அளவுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் மாட்டுவார்கள். அதற்குள் முடி போன்ற ஊசிகள் இருக்கும். அது ஒருவருக்கு ஒருமுறைதான். தனி உறையில், காலாவதித் தேதியுடன் வரும். உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அதே கார்ட்ரிட்ஜ் ஊசிப் பெட்டிக்குள் விழுவதையும் பாருங்கள். 'உங்கள் மகளுக்கென்றே தனியாக எடுத்து வைத்திருக்கிறோம், அடுத்த முறையும் அதுதான்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று பேனாவின் உடல் பகுதி. ஊசிகள் மேலும் கீழும் ஓடும்போது ரத்தம் கலந்த நீர் உள்ளே ஏறக்கூடும். மோட்டார் இருப்பதால் பேனாவை நீராவியில் வைத்துக் கிருமி நீக்க முடியாது. ஆகவே திரவம் பின்னேறாத தடுப்பு உள்ள கார்ட்ரிட்ஜ் வேண்டும். பேனாவின்மேல் ஒவ்வொருவருக்கும் புதிய பிளாஸ்டிக் உறையும் மாட்ட வேண்டும். உறையில்லாத பேனா என்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் நான் சம்மதிக்க மாட்டேன்.

சீழ் வைத்த பரு இருக்கும் நாளில் செய்யக் கூடாது. அது முகம் முழுவதும் கிருமியை உழுது பரப்புவதாக முடியும். உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வரும் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹெர்பிஸ் வைரஸ் இதுபோன்ற சிகிச்சைகளுக்குப் பிறகு கிளர்ந்து எழும். அதற்கு முன்பே மாத்திரை தருவார்கள்.

கல்லூரி மாணவி, தக்கலை: உறையை என் முன்னால் பிரியுங்கள் என்று டாக்டரிடம் எப்படிக் கேட்பது? கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார் மகளே. நீ கேட்கும் முன்பே பிரித்துக் காட்டுவார். நம் ஊரில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் காசு கொடுப்பதில்லை. முகத்தில் ஊசி இறக்க வருகிறவரிடம் மட்டும் வாய் திறக்கத் தயங்குகிறோம். 'எனக்குக் கொஞ்சம் பயம், பிரிப்பதைப் பார்த்தால் தைரியமாக இருக்கும்' என்று மரியாதையாகச் சொல். கையைக் கழுவினாரா, கையுறை புதிதா என்றும் பார். கையுறை போட்ட கையோடு கைபேசியை எடுத்தால் கையுறையை மாற்றச் சொல்லலாம். அதில் தவறே இல்லை.

வெளிநாட்டில் வேலை செய்பவர், குளச்சல்: விடுமுறையில் வந்திருக்கிறேன். முடி உதிர்வுக்கு பிஆர்பி எடுக்க நினைக்கிறேன். என் ரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் பிரித்து, அதில் ஒரு பகுதியைத் தலைத்தோலில் ஊசியால் போடுவார்களாம். என் சொந்த ரத்தம்தானே, அதில் என்ன ஆபத்து?

தம்பி, உங்கள் ரத்தம்தான் உங்களுக்குத் திரும்ப ஏறுகிறது என்பது உறுதியானால் ஆபத்து குறைவு. அந்த உறுதிதான் முக்கியம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஸ்பா ஒன்று 2018-இல் மூடப்பட்டது. பிஆர்பியோடு மைக்ரோநீட்லிங் செய்துகொண்ட வாடிக்கையாளர் சிலருக்கு அங்கே எச்ஐவி தொற்றியதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-இல் அறிக்கை வெளியிட்டது. ஆய்வுக்குப் போனவர்கள் கண்டவை: பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள், உணவுப் பொருளோடு ஒரே குளிர்பெட்டியில் ரத்தம், உறை பிரித்த சிரிஞ்சுகள் மேசை இழுப்பறைகளில். அழுத்த நீராவியால் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் அங்கே இல்லவே இல்லை.

ஆகவே ரத்தம் எடுத்த உடனே, உங்கள் கண்முன், குழாயில் உங்கள் பெயரும் நேரமும் எழுதப்பட வேண்டும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜிலிருந்து எடுக்கும்போது பெயரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மிச்சத்தை அடுத்த அமர்வுக்குக் குளிர்பெட்டியில் வைப்போம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி இரண்டையும், எச்ஐவியையும் பார்க்கிறார்கள். ஒன்று இருந்தாலும் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். தலையில் முடி வளர்க்கப் போய்க் குடும்பத்தின் சோறு போய்விடக் கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடவில்லையென்றால் இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. இன்று கல்யாண வயதில் இருக்கும் பலர் பிறந்த காலத்தில் அரசின் தடுப்பூசி அட்டவணையில் இது இடம்பெறவில்லை. அதனால் 'சின்ன வயதில் போட்டிருப்பார்கள்' என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

அழகு நிலையம் நடத்துபவர், கருங்கல்: கத்தரி, பரு எடுக்கும் கருவி, நகவெட்டி எல்லாவற்றையும் டெட்டால் தண்ணீரில் போட்டு, நீல விளக்குப் பெட்டியில் வைக்கிறேன். போதாதா?

போதாது. உங்கள் அக்கறை புரிகிறது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நீல விளக்கு, அதாவது புற ஊதா விளக்கு, ஒளி படும் இடத்தில்தான் வேலை செய்யும். மூடிய கத்தரியின் இணைப்புக்குள் ஒளி போகாது. காய்ந்த ரத்தத்துக்கு அடியிலும் போகாது. சுத்தம் செய்த கருவியைத் தூசி படாமல் வைக்க அது ஒரு பெட்டி, அவ்வளவுதான். டெட்டால் போன்றவை தோலையும் தரையையும் துடைக்க உதவும். தோலைத் துளைக்கும் கருவிக்கு அவை போதுமானவை அல்ல. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். ரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் போதும்.

முதலில் கழுவ வேண்டும். கையுறை போட்டு, கருவியை விரித்து, சோப்புத் தண்ணீருக்குள் அமிழ்த்தித் தூரிகையால் தேய்த்து, அலசி, துடைத்து உலர்த்துங்கள். அழுக்கு மிச்சமிருந்தால் அதற்குப் பின் எத்தனை சூடு கொடுத்தாலும் பயனில்லை. பிறகு உறையிட்டு ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், உறையிட்டவற்றுக்கு 30 நிமிடம். நேரத்தைச் சூடு ஏறிய பிறகுதான் எண்ண வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, மறுபடி முதலிலிருந்து.

உறையின் மேல் நிறம் மாறும் கோடு, சூடு பட்டது என்பதற்கு மட்டுமே அடையாளம். கிருமி செத்ததா என்று அறிய வாரம் ஒருமுறை உயிரிச் சோதனைக் குப்பி வையுங்கள். அதில் சூட்டைத் தாங்கும் நுண்ணுயிர் விதைகள் இருக்கும். அவை செத்தால்தான் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைக்கிறது. ஆனியிலும் ஐப்பசியிலும் சுவரே வியர்க்கும். உறை ஈரமானால் உள்ளே இருக்கும் கருவி கிருமி நீங்கியதாகக் கணக்கில் வராது, தேதி நேற்றையதாக இருந்தாலும் சரி. சுவரை ஒட்டிய அலமாரியிலும் கழுவுதொட்டிக்குக் கீழும் வைக்காதீர்கள்.

சமையல் குக்கர் போதுமா என்று சிலர் கேட்பார்கள். அது ஏறத்தாழ அந்தச் சூட்டை எட்டும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளிருக்கும் காற்று முழுதாக வெளியேறியதா என்று தெரியாது, சூட்டைக் காட்டும் மானி இல்லை, கருவி சொட்டச் சொட்ட ஈரமாக வெளியே வரும். சிறிய ஆட்டோகிளேவ் வாங்குங்கள். அதுவரை தோலைத் துளைக்கும் எல்லாவற்றையும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையாக வாங்குங்கள்.

அதே நிலையத்தில் வேலை செய்யும் பெண்: த்ரெடிங், வாக்சிங் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

நூலைப் பல்லில் கடித்துப் பிடிக்காதே மகளே. உன் எச்சில் அவர்கள் முகத்திலும், அவர்கள் தோலில் உரசிய நூல் உன் வாயிலும் போகிறது. கழுத்தில் கட்டிக்கொண்டு செய்யும் முறை இருக்கிறது, பழகிக்கொள். ஒவ்வொருவருக்கும் புதிய நூல் வேண்டும். வாக்ஸ் எடுக்கும் குச்சியை உடலில் தொட்ட பிறகு மறுபடி சட்டிக்குள் விடாதே. சட்டியின் சூடு கிருமியைக் கொல்லும் அளவு இல்லை. கொன்றுவிடும் சூடென்றால் தோலும் வெந்துபோகும்.

தோல் சிகிச்சை நிலைய உதவியாளர், நாகர்கோவில்: நேற்று ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திவிட்டது. முதலாளியிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

இன்றே சொல். அவர் கேட்காவிட்டாலும் நீ உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ. எச்ஐவி தடுப்பு மருந்து சில மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. தேவைப்பட்டால் 28 நாள் மருந்து தருவார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடவில்லையென்றால் அதையும், வேண்டியிருந்தால் எதிர்ப்புப் புரத ஊசியையும் தருவார்கள். அந்த ஊசி யாருக்குப் போட்டது என்று தெரிந்தால் அவருடைய ரத்தத்தையும் அவர் சம்மதத்தோடு சோதிக்கலாம். பயப்படாதே: எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி அப்படியல்ல, 30 சதவீதம் வரை போகும்.

குத்தியவுடன் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். விரலைப் பிழியவோ ஸ்பிரிட், பிளீச்சிங் ஊற்றவோ கூடாது. இனி ஊசிக்கு மூடியே போடாதே. துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் நேராகப் போடு. அந்தப் பெட்டி நீ உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருத்துவக் கழிவைக் கையாளும் பணியாளருக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது நிலையத்தின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. நீ கேட்பது சலுகை அல்ல.

இல்லத்தரசி, திங்கள்சந்தை: கொழுப்பு கரையும் ஊசி என்று வயிற்றில் போட்டேன். ஒரு மாதம் கழித்து ஊசி போட்ட இடமெல்லாம் சிவந்த கட்டிகள். இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் ஆறவில்லை.

இது எனக்குக் கவலை தரும் கேள்வி. மைக்கோபாக்டீரியா எனும் காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில கிருமிகள் சாதாரணக் குழாய்த் தண்ணீரிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வாழ்கின்றன. குளோரின் அவற்றை எளிதில் கொல்லாது. சிரிஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினாலோ, மருந்தில் அந்தத் தண்ணீர் கலந்தாலோ, ஊசித் துளையின் மேல் வீட்டுக் குளிர்பெட்டியில் செய்த பனிக்கட்டியைத் தேய்த்தாலோ அவை தோலுக்குள் போய்விடும். உடனே தெரியாது, சில வாரங்கள் கழித்துக் கட்டியாக எழும். வழக்கமான மருந்துக்கு அடங்காது.

மூன்றாவது ஆன்டிபயாடிக்கைக் கடையில் வாங்காதீர்கள். தோல் மருத்துவரிடம் போய், ஊசி போட்ட தேதியைச் சொல்லி, சீழையோ சதைத் துணுக்கையோ மைக்கோபாக்டீரியா சோதனைக்கு அனுப்பக் கேளுங்கள். சரியான மருந்து தெரிந்தால் குணமாகும், ஆனால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளலாம். உங்களோடு போட்டுக்கொண்டவர்களுக்கும் கட்டி இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாதத்தை ஊறவைக்கும் தொட்டிகளிலும் இதே குடும்பம்தான். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரே நக நிலையத்துக்குப் போன 100-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கட்டிகள் வந்தன. தொட்டியின் தண்ணீர் உறிஞ்சும் வலைக்குப் பின்னால் முடியும் தோல் செதிலும் அடைந்து கிடந்தன. அங்கே போகும் முன் காலைச் சவரம் செய்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. பெடிக்யூருக்கு முந்தைய நாள் காலில் பிளேடு வைக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் நகத்தின் ஓரத்தை வெட்ட விடாதீர்கள்.

இளம் தந்தை, இரணியல்: குழந்தைக்குக் காது குத்த வேண்டும். துப்பாக்கியா, ஆசாரியா?

புதிய, உறையிட்ட ஊசியால், கையுறையோடு குத்துகிறவர் யாரோ அவரிடம். பிளாஸ்டிக் துப்பாக்கியை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. கம்மல் புதிதானாலும் துப்பாக்கியின் முகப்பு எல்லாக் குழந்தைகளின் காதையும் தொட்டிருக்கும். காதின் மேல்பக்கக் குருத்தெலும்பில் துப்பாக்கி கூடவே கூடாது. அங்கே சீழ் பிடித்தால் காதின் வடிவமே சுருங்கிவிடும். தடுப்பூசிகள் தவறாமல் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர், குழித்துறை: ஒரு நிலையம் சுத்தமில்லை என்றால் யாரிடம் சொல்வது?

ஊசி போடும் நிலையமென்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். அதன் சான்று சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். புகாரை நாகர்கோவிலில் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். ரசீதும் தேதியும் நடந்ததும் எழுதுங்கள், உணர்ச்சியை விடுங்கள். மருத்துவர் இல்லாமல் ஊசி போடுகிறார்கள் என்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

மணப்பெண், சுசீந்திரம்: மூக்குக் குத்தி, முகத்தில் லேசரும் செய்திருக்கிறேன். உறவினர்களோடு முக்கடல் சங்கமத்தில் நீராடவும் திற்பரப்பு அருவிக்குப் போகவும் திட்டம். போகலாமா?

போகலாம், குளிக்க வேண்டாம். கடல்நீர் புண்ணுக்கு மருந்து என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் கடலிலும் ஆற்றிலும் குளத்திலும் திறந்த தோலுக்குள் புகும் கிருமிகள் இருக்கின்றன. லேசர் செய்த இடம் பொருக்கு உதிர்ந்து, சிவப்பு அடங்கும் வரை பொறு. மூக்குத் துளை உள்ளே ஆற மாதங்கள் ஆகும். அதுவரை கொதித்து ஆறிய உப்புநீரால் துடை, மூக்குத்தியைச் சுற்றிச் சுற்றித் திருகாதே, மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ வைக்காதே. வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் வடிந்தாலோ கல்யாண வேலைகளைக் காரணம் சொல்லித் தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரைப் பார்.