ஓங்கில் வலையைக் கிழிக்கிறது, சத்தக் கருவி வாங்கலாமா?

கேள்வி: பாக் விரிகுடாவில் ஃபைபர் படகில் செவுள் வலைத் தொழில் செய்கிறோம். ஓங்கில் (டால்பின்) வந்து மீனையும் தின்று வலையையும் கிழித்துவிடுகிறது. சத்தம் போட்டு அதை விரட்டும் கருவி விற்கிறார்கள், வாங்கலாமா? ஓங்கில் வலையில் மாட்டினால் எங்கள் மேல் கேஸ் வருமா?

பதில்: பணம் கொடுக்கும் முன் கிழிசலை நன்றாகப் பாருங்கள். கண்ணியில் மீன் தலை மட்டும் தொங்கி, சுற்றிலும் நூல் இழுபட்டு, ஒழுங்கில்லாத பெரிய ஓட்டை விழுந்திருந்தால் பெரும்பாலும் ஓங்கில் வேலைதான். நறுக்கென்று வெட்டிய சின்னச் சின்ன ஓட்டைகள் என்றால் பேத்தை மீனைச் சந்தேகப்படுங்கள். அதன் பல் தங்கூசியை (நைலான் வலை நூல்) சுலபமாக நறுக்கிவிடும். துள்ளிக் கண்ணில் படுவது ஓங்கில் என்பதால் பேத்தை செய்ததற்கும் சேர்த்து அதுவே திட்டு வாங்குகிறது. இந்தக் கருவி பேத்தையை ஒன்றும் செய்யாது.

சரி, ஓங்கில்தான் என்றே வைத்துக்கொள்வோம். இந்தக் கருவிகளுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது, ஓங்கிலின் உறவுக்காரப் பிராணியான கடற்பன்றி. 1994-ல் அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் நடந்த சோதனையில், கருவி கட்டிய செவுள் வலைகளில் கடற்பன்றி சிக்குவது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆனால் கடற்பன்றி கூச்ச சுபாவம். உங்கள் கடலில் உள்ள, முதுகில் துடுப்பில்லாத கடற்பன்றியும் அப்படித்தான். துள்ளாது, படகைக் கண்டால் ஒதுங்கும். ஓங்கில் கெட்டிக்காரப் பிராணி. அந்தச் சத்தம் வரும் இடத்தில் வலை இருக்கிறது, வலையில் மீன் இருக்கிறது என்று புரிந்துகொண்டால் அதற்கு அது சாப்பாட்டு மணிதான். பல நாடுகளில் ஓங்கிலிடம் இந்தக் கருவி சில இடத்தில் பலித்தது, சில இடத்தில் பலிக்கவில்லை. போதாததற்கு 100 முதல் 200 மீட்டருக்கு ஒன்று கட்ட வேண்டும். இரண்டு கிலோமீட்டர் வலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேட்டரிச் செலவு வேறு. நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

வலை கடலில் கிடக்கும் நேரத்தைக் குறையுங்கள். சிக்கிய மீன் எவ்வளவு நேரம் துடிக்கிறதோ அவ்வளவுக்கு ஓங்கிலுக்கு வசதி. கூட்டம் சுற்றுவது தெரிந்தால் அங்கே வலை பாய்ச்ச வேண்டாம். ஓங்கில் நிற்கும் இடத்தில்தான் மீன் இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், அதனால் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். வலையை இழுத்து ஏற்றும்போது கழிவு மீனைப் பக்கத்திலேயே வீசுவதை மட்டுமாவது நிறுத்துங்கள்; அதுவும் அதைப் படகோடு பழக்கிவிடும்.

கேஸ் விஷயம்: ஓங்கிலும் கடற்பன்றியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கொன்றாலோ, சுறா இரைக்கு வெட்டினாலோ, இறைச்சியை விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தானாக மாட்டியதை விடுவிப்பது வேறு. அது காற்றைச் சுவாசிக்கும் பிராணி, அதனால் முதலில் தலை உச்சியில் உள்ள மூச்சுத் துளையைத் தண்ணீருக்கு மேலே வையுங்கள். வாலைப் பிடித்து இழுக்காமல் வலையை அறுத்து விடுங்கள். செத்துப்போயிருந்தால் மறைக்காமல் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

அறுத்த வலைக்கு மகாராஷ்டிராவில் 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறார்கள். உங்கள் மாவட்டத்தில் என்ன கிடைக்கும் என்று வனச்சரகரிடம் கேளுங்கள். விடுவிக்கும்போது செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் பேச்சு சுலபமாகும்.