ஜெர்மனி போய் வந்தேன், மேடையில் என்ன பேசுவது?

கேள்வி: கடந்த ஆகஸ்டில் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கு வாரக் கோடைகால மொழிப் படிப்புக்குப் போய் வந்தேன். ஜெர்மனில் ஏ2 என்ற இரண்டாம் நிலையை முடித்துவிட்டுப் போனேன். திரும்பும்போது அடுத்த நிலையான பி1 கையில் இருக்கும் என்று நம்பினேன், நடக்கவில்லை. முதல் வாரம் முழுக்க அழுகை. ஒரு ஜெர்மன் மாணவர்கூடப் பழக்கமாகவில்லை. என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோடு ஆங்கிலம் பேசியே நாட்கள் போய்விட்டன. கடையில் நான் ஜெர்மனில் ஆரம்பித்தால் ஆங்கிலத்தில் பதில் வந்தது. ஆனால் நான் போட்ட படங்களைப் பார்த்தவர்கள், "உன் வாழ்க்கையே மாறியிருக்குமே" என்கிறார்கள். இப்போது துறைத்தலைவர், அடுத்த ஆண்டு போக நினைக்கும் மாணவர்களிடம் அனுபவத்தைப் பேசச் சொல்லியிருக்கிறார். அப்பா தன் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் அனுப்பினார். அவரிடமும் "ரொம்ப நன்றாக இருந்தது" என்றே சொல்லி வைத்திருக்கிறேன். பொய்யே சொல்லிவிடட்டுமா? பயோடேட்டாவில் இதை எப்படிப் போடுவது?

- முதுகலை மாணவி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

பொய் வேண்டாம். அதே சமயம், தோல்வி என்று நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி உங்களால் நேர்ந்ததே இல்லை. அதைப் பிரித்துப் பார்த்தால் மேடையில் பேச வேண்டியதும் தானாகக் கிடைத்துவிடும்.

முதலில் அந்த பி1. ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோதே இன்ஸ்டிடியூட் சொல்லும் உத்தேசக் கணக்குப்படி, ஆரம்பத்திலிருந்து படித்து ஏ2 முடிக்க 200 முதல் 350 பாடவேளைகள் ஆகும்; பி1 முடிக்க 350 முதல் 650. ஒரு பாடவேளை 45 நிமிடம். கோடைகாலப் படிப்பில் வாரத்துக்கு 25 பாடவேளை என்று வைத்தால்கூட நான்கு வாரத்துக்கு 100தான் வருகிறது. ரொம்ப வேகமாகப் பிடித்துக்கொள்கிற ஒருவருக்கே ஏ2-இலிருந்து பி1 போக இன்னும் 150 வேண்டும். நீங்கள் ஒரு வகுப்பைக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாலும் எட்டியிருக்காது. கிளம்பும் முன் யாராவது இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுக் காட்டியிருக்கலாம். உங்கள் ஜூனியர்களுக்கு நீங்கள் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்தது, ஜெர்மன் மாணவர் ஒருவரும் பழக்கமாகவில்லை என்பது. இதைத்தான் நீங்கள் அதிகம் மனதில் போட்டு உழப்பிக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தங்கையே, அவர்கள் அங்கே இல்லை! ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவ வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலையோடு முடிந்துவிடும். ஆகஸ்டில் மாணவர்கள் வீட்டுக்கோ வேலைக்கோ பயிற்சிக்கோ போய்விடுவார்கள். இருக்கிற சிலரும் நூலகத்தில் கட்டுரை எழுதிக்கொண்டோ தேர்வுக்குப் படித்துக்கொண்டோ இருப்பார்கள். வகுப்பறையும் விடுதி அறையும் காலியாகிற அந்த இடைவெளியில்தான் கோடைகாலப் படிப்புகள் பலவற்றை வைக்கிறார்கள். ஆக, அந்த ஊர் மாணவர்கள் கிளம்பிப் போனதால்தான் உங்களுக்கு அறையே கிடைத்திருக்கும். அவர்களோடு பழகவில்லையே என்று வருந்துவதில் அர்த்தம் இல்லை. படிப்பை நடத்துகிறவர்கள் இதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்வது குறைவு. கையேட்டின் அட்டையில் எல்லா நாட்டு மாணவர்களும் புல்வெளியில் உட்கார்ந்து சிரிக்கிற படம்தானே இருக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வகுப்பு நடக்கிற ஜூன், ஜூலையில் வரும் படிப்பாகத் தேடலாம். அல்லது போவதற்கு முன்பே அந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு எழுதி, 'டாண்டம்' ஏற்பாடு உண்டா என்று கேட்கலாம். நீங்கள் ஒருவருக்கு உங்கள் மொழியைச் சொல்லித் தருவீர்கள், அவர் உங்களுக்கு ஜெர்மன் சொல்லித் தருவார். நிறையப் பல்கலைக்கழகங்களில் இந்த ஜோடி சேர்க்கும் வேலை நடக்கிறது. நான்கு வாரம்தான் என்பதால், போய் இறங்கியபின் தேட ஆரம்பித்தால் ஆள் கிடைப்பதற்குள் திரும்புகிற நாள் வந்துவிடும்.

முதல் வார அழுகைக்கு வருவோம். வெளிநாடு போனால் முதலில் எல்லாம் இனிக்கும், அப்புறம்தான் கசக்கும் என்று ஒரு எண்ணம் வெகுகாலமாக இருக்கிறது. 1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களைக் கேட்டு எழுதியதிலிருந்து வந்தது. பிறகு 1998இல் காலீன் வார்டும் உடன் ஆய்வாளர்களும், நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மனச்சோர்வு மிக அதிகமாக இருந்தது வந்திறங்கிய முதல் நாளில்தான்; போகப்போகக் குறைந்தது. 'இனிக்க வேண்டிய வாரத்தில் நான் அழுதேனே' என்று நீங்கள் குழம்ப வேண்டாம். முதல் வாரத்தில் கலங்கியவர்கள் நிறையப் பேர் உண்டு. அதைப் படம் எடுத்துப் போட்டவர்கள்தான் இல்லை. ஜூனியர்களிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து அழப்போகிற ஒருவருக்கு, நம் சீனியரும் அழுதார் என்று தெரிந்திருப்பது பெரிய உதவி.

கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொன்னதை அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது உதவி செய்கிற எண்ணம், இல்லையென்றால் பின்னால் வரிசை நிற்கிற அவசரம். "ஜெர்மன் கற்றுக்கொள்கிறேன், ஜெர்மனிலேயே பேசலாமா?" என்று ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனால் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே மெதுவாகப் பேசுவார்கள். பெர்லின் போன்ற பெருநகரத்தைவிடச் சின்ன ஊர்களில் இது சுலபம்.

சரி, மேடைக்கு வருவோம். விசா பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்காதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதெல்லாம் தூதரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. அங்கே இல்லாததைச் சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு போய் இறங்கினால் மறுநாள் ஞாயிறு, பெரிய ரயில் நிலையக் கடைகளைத் தவிர மற்ற கடைகள் அநேகமாக மூடியிருக்கும். சாப்பிட ஏதாவது பையில் இருக்கட்டும். ஆகஸ்ட் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும், தூக்கம் கெடும். முதல் நாள் நிலைத்தேர்வில் ஊகித்து விடை எழுதி மேல் வகுப்பில் போய் உட்கார்ந்தால் நான்கு வாரமும் ஒன்றும் புரியாது. இப்படி நீங்கள் பட்டது இன்னும் நிறைய இருக்குமே, அதையெல்லாம் அள்ளிப் போடுங்கள். "வாழ்க்கை மாறியதா?" என்று யாராவது கேட்டால், "இல்லை, ஆனால் தனியாக ஒரு ஊரில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன்" என்று சொல்லுங்கள். ஏமாற்றம் அடைகிறவர்கள் அடையட்டும். பணம் கட்டும் முன் ஏமாறுவது மலிவு.

பணம் என்றதும் இன்னொன்று. இந்தக் கோடைகால மொழிப் படிப்புகளுக்கென்றே ஜெர்மனியின் டிஏஏடி என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு உதவித்தொகை தருகிறது. ஆனால் கோடைக்கு முந்தைய ஆண்டே விண்ணப்பித்துவிட வேண்டும். கூட்டத்தில் இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

அப்பா விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். மேடையில் பேசுவதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஊருக்கே உண்மையைச் சொன்னது அப்புறம் வேறு யார் மூலமாவது அவர் காதுக்குப் போகக் கூடாது. "பணம் வீண்" என்று ஆரம்பிக்காதீர்கள், அது உண்மையும் இல்லை. முதல் வாரம் கஷ்டமாக இருந்தது, நினைத்த அளவு மொழி வரவில்லை, இன்ன இன்ன தெரிந்துகொண்டேன், பி1 தேர்வை இன்ன மாதத்துக்குள் எழுதப்போகிறேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். சேமிப்பை எடுத்து மகளை அனுப்பியவர், அவள் அழுததை மறைத்தாள் என்பதற்குத்தான் அதிகம் வருந்துவார்.

பயோடேட்டாவில் நிறுவனத்தின் பெயர், நான்கு வாரக் கோடைகால மொழிப் படிப்பு, ஆண்டு, முடித்த நிலை, அவ்வளவு போதும். சான்றிதழில் இசிடிஎஸ் என்ற பாடமதிப்புப் புள்ளிகள் கொடுத்திருந்தால் அதையும் சேருங்கள். ஐரோப்பியக் கணக்கில் ஒரு புள்ளி என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, அதனால் படிப்பின் அளவு பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். உங்கள் பல்கலைக்கழகம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுமா என்று தேர்வுப் பிரிவில் இந்தப் பருவம் முடிவதற்குள் கேட்டுவிடுங்கள். மொழித் திறன் என்ற இடத்தில் 'ஜெர்மன், ஏ2, பி1க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதுங்கள். 'சரளமாக' என்று மட்டும் எழுத வேண்டாம். நேர்முகத் தேர்வில் ஜெர்மன் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியையே அந்த மொழியில்தான் கேட்பார்.