அழுத்தாவிட்டால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள்? தினசரி நலம் சொல்லும் ஆப்கள்: கேள்வி பதில்

தினமும் ஒரு பட்டனை அழுத்தி “நலமாக இருக்கிறேன்” என்று சொல்லும் ஆப்கள் பற்றி வந்த கேள்விகள் இவை. நான் ரயில்வே லோகோ ஷெட்டில் எலக்ட்ரிகல் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் குடியிருப்பில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு போன், வாட்ச் எல்லாம் செட் செய்து கொடுக்கிறேன். எந்த ஆப் கம்பெனியோடும் எனக்குச் சம்பந்தம் இல்லை.

ஆபத்து பட்டன் எல்லா போனிலும் இருக்கிறதே சார், இது எதற்குத் தனியாக? (மதுரை வாசகர்)

இரண்டும் நேர் எதிர். ஆபத்து பட்டன் அழுத்தினால் வேலை செய்யும். இது அழுத்தாவிட்டால் வேலை செய்யும். மயங்கிக் கிடப்பவர் பட்டனைத் தேட மாட்டார். ரயில் என்ஜினில் விசிடி என்று ஒரு கருவி உண்டு. டிரைவர் ஒரு நிமிடம் எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாவிட்டால் முதலில் விளக்கு எரியும், அடுத்து பஸ்ஸர் அடிக்கும், அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். இந்த ஆப்களும் அதே ஜாதிதான். என்ன, என்ஜினில் பிரேக் தானாகப் பிடிக்கும். வீட்டில் அதற்கு ஒரு ஆள் வேண்டும். ஆப் செய்தி மட்டும்தான் அனுப்பும். கீழே பாதிப் பதில்கள் அந்த ஆளைப் பற்றித்தான்.

அம்மாவுக்கு 74 வயது, பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார். நான் நியூ ஜெர்சியில். எத்தனை மணிக்கு வைப்பது?

அம்மா முதல் காபியை முடிக்கும் நேரத்தை ஒட்டி வையுங்கள். நாம் ஒரு நேரத்தைச் சொல்லி அவரை அதற்குப் பழக்குவது நடக்காத காரியம். 7 மணிக்குக் காபி என்றால் 8 மணி கெடு, அதற்கு மேல் அரை மணி அவகாசம். அங்கே காலை 8 என்றால் உங்களுக்கு முந்தின இரவு 9.30, கோடையில் 10.30. விழித்திருப்பீர்கள். கெடுவை 10 மணிக்குத் தள்ளினால் எச்சரிக்கை வரும்போது நீங்கள் நல்ல தூக்கத்தில் இருப்பீர்கள்.

காலையில் சீக்கிரம் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்தவர் காலைவரை தரையிலேயே கிடக்கலாம். மணிக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும், உடம்பில் நீர் வற்றும், புண் வரும். எலும்பு முறியாமல் விழுந்தவருக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஒரு நாளுக்கு ஒரு அழுத்து போதுமா என்றால் போதாது. 8 மணிக்கு அழுத்திவிட்டு 8.15க்கு விழுந்தால் அடுத்த நாள் காலைவரை ஆப் வாயைத் திறக்காது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்னொன்று வையுங்கள். அதை ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த நேரத்தில் நீங்களே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

எச்சரிக்கை வந்துவிட்டது என்றே வையுங்கள். இங்கிருந்து 108க்கு அழைக்க முடியுமா? (அதே வாசகர்)

முடியாது. அமெரிக்காவிலிருந்து 108, 112 என்று அழுத்தினால் தமிழ்நாட்டுக்கு வராது. அதனால் அம்மா வீட்டுக்குப் பக்கத்துக் காவல் நிலையத்தின் முழு எண்ணை +91, எஸ்டிடி கோடு எல்லாம் சேர்த்து இன்றைக்கே சேமித்து வையுங்கள். ஆனால் முதல் அழைப்பு அங்கே வேண்டாம். முதலில் அம்மாவின் செல், அடுத்து லேண்ட்லைன் இருந்தால் அது, அடுத்து பக்கத்து வீடு. ஆப்பில் அவசரத் தொடர்பு என்று முதலில் போட வேண்டிய பெயரும் உங்களுடையது இல்லை, நடந்து வரும் தூரத்தில் இருப்பவருடையது. நீங்கள் இரண்டாவது.

அந்தப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி இருக்கட்டும். சாவி இருந்தும் பயன்படாத வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ராத்திரி உள்ளே மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், நடுவில் சங்கிலி! வெளியிலிருந்து சாவி போட்டு என்ன செய்ய? இரு பக்கமும் சாவியால் திறக்கும் பூட்டு ஒன்றை மாட்டி, ராத்திரி அதை மட்டும் பூட்டச் சொல்லுங்கள். பாத்ரூம் கதவும் அப்படித்தான். தனியாக இருப்பவர் அதை உள்ளே தாழிட வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், வெட்கப்பட? இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், பழக்கத்தில் தாழிட்டுக்கொண்டுதான் குளிப்பார்கள். தாழ்ப்பாளையே கழற்றிவிடுங்கள்.

கதவு திறக்கவே இல்லை என்றால் அங்கே இருப்பவர் 112க்கோ, தீயணைப்புத் துறையின் 101க்கோ அழைக்கலாம். கதவைத் திறந்து ஆளை மீட்பது அவர்கள் வேலைகளில் ஒன்று.

அப்பா நாலு நாள் ஒழுங்காக அழுத்தினார். அப்புறம் ஆப் நினைவூட்டுவதே இல்லை. ஆப் கெட்டுவிட்டதா? (ஓசூர் வாசகி)

பெரும்பாலும் ஆப் கெட்டிருக்காது, போன்தான் அதைத் தூங்க வைத்திருக்கும். ஷாவ்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு ‘ஆட்டோஸ்டார்ட்’ போடுங்கள், பேட்டரி பகுதியில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று வையுங்கள். ‘பயன்படுத்தாத ஆப்பின் அனுமதியை நீக்கு’ என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கெடு தாண்டியதைக் கணக்குப் பார்ப்பது யார், போனா, கம்பெனியின் சர்வரா? போனே பார்த்தால், சார்ஜ் தீர்ந்த அன்று எச்சரிக்கையும் சேர்ந்து செத்துவிடும். சர்வர் பார்த்தால் போன் குளத்தில் விழுந்தாலும் எச்சரிக்கை வரும். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள். நீங்களே சோதியுங்கள்: ஆப்பைப் போட்டுவிட்டு, கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அப்பாவின் போனை அணைத்து வையுங்கள். நேரம் தாண்டியும் உங்களுக்கு எதுவும் வரவில்லையா? அந்த ஆப்பை அன்றே நீக்குங்கள்.

எச்சரிக்கை எந்த வழியாக வருகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். மின்னஞ்சல் மட்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை யார் பார்க்கப் போகிறார்கள்? தானியங்கி போன் அழைப்பு நல்லது. ஆனால் தெரியாத எண் என்று நாமே வெட்டிவிடுவோம். அந்த எண்ணைப் பெயர் போட்டுச் சேமித்து, போன் சைலன்ட்டில் இருந்தாலும் ஒலிக்கும்படி வையுங்கள்.

“உயிரோடு இருக்கேனான்னு தினம் ஆஜர் போடணுமா?” என்று அப்பா கோபப்படுகிறார். (சேலம் வாசகர்)

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2026 தொடக்கத்தில் சீனாவில் தனியாக வாழும் இளைஞர்களிடையே ஒரு ஆப் பெரிதாகப் பேசப்பட்டது. அதன் பெயரே கிட்டத்தட்ட “செத்துட்டியா?”தான். வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும்போது பெயரை மாற்றினார்கள். தொடர்ந்து 2 நாள் அழுத்தாவிட்டால் குறித்துவைத்த ஒருவருக்கு மின்னஞ்சல் போகும் என்பது ஏற்பாடு. 2 நாள் என்பது ஆளைக் காப்பாற்றுகிற கணக்கு இல்லை என்பது என் எண்ணம்.

உங்கள் அப்பாவிடம் ஆப் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். பேரப்பிள்ளையின் போட்டோ ஒன்றை நீங்கள் தினமும் காலை 7 மணிக்கு அனுப்புங்கள், அவர் பதில் போடட்டும். அவர்தான் எல்லாருக்கும் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறவர் என்றால் இன்னும் சுலபம், அதுவே ஆஜர். ஒரே ஒரு நிபந்தனை: வராத நாளைக் கவனிப்பது யார் என்று முடிவு செய்யுங்கள். ஐந்து பேர் இருக்கும் குடும்ப குரூப்பில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள். திங்கள், செவ்வாய் அக்கா, புதன், வியாழன் நீங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அழுத்துவதே தொந்தரவு. தானாக நடக்க வழி உண்டா அண்ணா? (கோவை வாசகர்)

உண்டு. ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001லேயே கொண்டுவந்தது. தோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 1996இல் ஒரு வயதான தாயும் நோயாளி மகனும் இறந்து, பல நாள் கழித்தே தெரியவந்த சம்பவம் அந்த யோசனைக்குக் காரணமாக இருந்தது. டீக்கு வெந்நீர் வைக்கும் மின் கெட்டிலில் ஒரு தகவல் கருவி. பெரியவர் வெந்நீர் பிடித்தால் பிள்ளைக்குச் செய்தி போகும். அவர் எதையும் அழுத்த வேண்டாம், டீ குடித்தால் போதும். யோசித்தவனைப் பாராட்ட வேண்டும்.

நம் ஊரில் கிடைப்பது ஸ்மார்ட் வாட்ச். ஆப்பிள் வாட்ச்சில் 2018இல் வந்த சீரிஸ் 4 முதல் விழுவதைக் கண்டறியும் வசதி இருக்கிறது. பலமாக விழுந்து ஒரு நிமிடம்போல அசையாமல் கிடந்தால் தானே அவசர எண்ணுக்கு அழைக்கும். விலை ஒரு பக்கம் இருக்கட்டும். தினமும் சார்ஜ் போட வேண்டும், குளிக்கும்போது கழற்றி வைத்துவிடுவார்கள். அதிகம் வழுக்குவது அங்கேதானே?

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்தான். (விருதுநகர் வாசகி)

மிஸ்டு கால் போதும். காலையில் ஒன்று. உங்கள் போனில் 8 மணிக்கு அலாரம் வைத்து, வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2017 முதல் விற்பனைக்கு வந்த பட்டன் போன்களில் 5 அல்லது 9ஐ நீளமாக அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும் என்பது அரசின் விதி. அம்மாவின் போனில் எந்த எண் என்று பார்த்து, அதன்மேல் நெயில் பாலிஷ் புள்ளி ஒன்று வையுங்கள்.

எனக்கு 27 வயது, சென்னையில் இரவு ஷிஃப்ட். இதெல்லாம் பெரியவர்களுக்கு மட்டும்தானா?

இல்லையம்மா. உங்களுக்குத் தேவை, வீடு சேரும்வரை கவனிக்கும் வகை. ஐபோன் என்றால் ஐஓஎஸ் 17 முதல் மெசேஜஸிலேயே ‘செக் இன்’ இருக்கிறது. வீடு சேர்ந்ததும் தோழிக்குத் தானாகச் செய்தி போகும். வழியில் தாமதமானால் முதலில் உங்களைக் கேட்கும், பதில் இல்லாவிட்டால் இருக்கும் இடம், பேட்டரி, சிக்னல் விவரத்தை அவருக்குக் காட்டும். அவரிடமும் ஐபோன் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பிக்சல் போன்களின் ‘பெர்சனல் சேஃப்டி’ ஆப் இதைச் செய்கிறது. மற்றவற்றில் வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் ஒரு மணி நேரத்துக்கு. 8 மணி நேரம் வேண்டாம், அது காவல் இல்லை, கண்காணிப்பு. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ ஆப்பையும் போட்டு வையுங்கள்.

நான் டொராண்டோவில், அம்மா யாழ்ப்பாணத்தில. என்ன வித்தியாசம் ஐயா?

முறை அதேதான், எண்கள்தான் வேறு. அங்கே இலவச ஆம்புலன்ஸ் ‘சுவசெரிய’ 1990, போலீஸ் 119. அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் இந்த இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

புயல் நேரத்தில் கரண்ட், சிக்னல் இரண்டும் போய்விட்டால்? (வேளச்சேரி வாசகர்)

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நினைத்துப் பாருங்கள். சிக்னல் போன பகுதிகளில் யாராலும் எதையும் அழுத்த முடியாது, எல்லார் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை போகும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஆப்பில் இடைநிறுத்தம் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் காலையும் மாலையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பவர் பேங்கை முதல் நாளே சார்ஜ் செய்து வையுங்கள். மழை நின்றதும் இடைநிறுத்தத்தை எடுக்க மறக்க வேண்டாம். பலர் மறப்பது அதைத்தான்.