1.6 ராக்கர் ஆர்ம் போட்டபின் டிக் டிக் சத்தம்

1.5 விகித ராக்கர் ஆர்மைக் (கேமின் தூக்கலை அந்த மடங்கு பெருக்கி வால்வைத் திறக்கும் நெம்புகோல்) கழற்றி 1.6 போட்டதிலிருந்து வால்வு பக்கம் சத்தம், சிலிண்டர் ஹெட்டையும் மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஹெட்டுக்கு இப்போது காசு போடாதீர்கள். முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்தி, வால்வு இடைவெளியை (ராக்கர் ஆர்முக்கும் வால்வு நுனிக்கும் நடுவே உள்ளது) திரும்பச் சரியாக வையுங்கள்.

சத்தம் போகவில்லையா? கேம் லோப் (கேம் தண்டில் உள்ள மேடு) 7.5 மி.மீ. தூக்கினால் 1.5-இல் வால்வு 11.25 மி.மீ. திறக்கும், 1.6-இல் 12. அந்த முக்கால் மில்லிமீட்டரில் வால்வு ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டலாம், புஷ்ராடு (கேமின் தூக்கலை ராக்கர் ஆர்முக்குக் கொண்டுபோகும் கம்பி) ஹெட் துளையில் உரசலாம். புஷ்ராடை உருவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் உரசல்தான்.

அப்புறம் வால்வு நுனியில் மார்க்கர் மை பூசி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். மை அழிந்த கோடு நடுவில் மெல்லியதாக விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் பெரும்பாலும் புஷ்ராடு நீளம் சரியில்லை. அப்படியே ஓட்டினால் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்து போய்விடும்.